ஐந்து குடிகளும் ஒரு சிட்டிகைச் செம்பும்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் இடுக்கியும் மண்வெட்டியும்தான். பேனாவையும் இடுக்கியைப் பிடிப்பது போலவே பிடிக்கிறேன். தாளில் அங்கங்கே ஓட்டை விழுந்திருப்பது அதனால்தான். சின்ன ரகரம் எங்கே வரும், பெரிய றகரம் எங்கே வரும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம். சந்தேகம் வந்த இடங்களில் கையில் வந்ததைப் போட்டிருக்கிறேன். திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர்க் கோயில் தேரின் சக்கரங்களுக்குள், எங்கள் பேச்சில் சில்லுகளுக்குள், தங்கம் இருக்கிறது என்று தேத்தண்ணிக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். அந்தச் சில்லுகளுக்கு இரும்பு வார்த்தவர்களில் நானும் ஒருவன். அப்படியிருந்தும், எத்தனை பவுண் உள்ளே போனது என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். நான் ஆட்களுக்கு முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன். மறுத்துச் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். தாளுக்கு முன்னால் எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. உள்ளே தங்கம் இல்லை. உள்ளே இருப்பது செம்பு, பித்தளை, கொஞ்சம் வெள்ளி, ஒரு சமையல் கரண்டியின் நுனி. வெளியே இருப்பது ஈயம்.

நான் வேலை செய்வது ஏறாவூருக்கு வெளியே, வாவிக்கரை ஓரமாக இருக்கும் ஒரு வார்ப்புப் பட்டறையில். உடைந்த எஞ்சின், பழைய தையல் மெசினின் கால், தேய்ந்த மில் சக்கரம் என்று எல்லாம் எங்களிடம் வரும். அவற்றை உருக்கி மண் அச்சில் ஊற்றி, மில்லுக்குப் புதுச் சக்கரமும் தெருவோரக் கழிவுநீர்க் கானுக்கு மூடியும் செய்து கொடுப்போம். முதலாளி ஏறாவூர் ஆள். வளைகுடா நாட்டில் பெரிய வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

வார்ப்பிரும்பின் குணம் அதை உடைத்தால்தான் தெரியும். உடைந்த முகம் சாம்பல் நிறமாக இருந்து, விரல் வைத்தால் பென்சில் கரி போல ஒட்டினால், அதற்குள் இருக்கும் கரி மெல்லிய இதழ் இதழாகப் பிரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். அந்த இரும்பு அரத்துக்கு இடம் கொடுக்கும், குலுக்கல் தாங்கும். முகம் வெள்ளையாக மினுங்கினால் கரி பிரியாமல் இரும்போடேயே கட்டுண்டு போயிருக்கிறது. அது கண்ணாடி மாதிரி. அரம் வழுக்கும், ஒரு அடிக்குத் தெறிக்கும். ஒரே உலையில் உருகிய இரும்பு இப்படியாவதும் அப்படியாவதும் கொஞ்சூண்டு சாமானில் இருக்கிறது. உருகிய இரும்பை எடுக்கும் வாளியில் முதலாளி ஒரு பிடி சிலிக்கன் தூளைப் போடுவார். கரி இதழாகப் பிரிந்துவிடும். ஒரு முட்டி எருமைப் பாலுக்கு ஒரு கரண்டி உறை போதும் அல்லவா, அதுபோலத்தான். இதை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் எடுத்தது. எங்கள் ஊருக்கு விளங்கியதா என்று இன்னும் தெரியவில்லை.

என் அக்காவின் கணவர், அத்தான், எங்கள் கோயிலின் வண்ணக்கர். கோயில் காரியங்களை முன்நின்று நடத்துகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். போன திருவிழாவுக்கு முந்திய திருவிழாவில், தேர் வீதியின் இரண்டாம் முடக்கில் திரும்பிக் கிறுகும்போது ஒரு சில்லின் நடுக்குழல் வெடித்தது. மரச் சில்லின் நடுவில் அச்சு புகுந்து சுற்றும் இரும்புக் குழல் அது. தேர் ஒரு சைக்கிள் கடையின் கூரையில் சாய்ந்து நின்றுவிட்டது. தூக்கி நிமிர்த்தும்வரை சாமி அந்தக் கடை வாசலில்தான் இருந்தார். ஆட்கள் பூசைத்தட்டோடு கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்துதான் டியூப் ஒட்டினார். மச்சம் மாமிசத்தையும் விட்டிருந்தார்.

அன்றைக்குச் சனத்துக்கு முன்னால் அத்தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"அடுத்த முறை இந்தத் தேர் வீதியில நிண்டா நான் வண்ணக்கர் வேலைய விட்டு இறங்கிருவன்."

அக்கா வீட்டில் வைத்துக் கேட்டா, "உங்கள ஆர் வாயத் துறக்கச் சொன்ன?"

வண்ணக்கர் பொறுப்பு தாய்மாமனுக்குப் பிறகு அத்தானுக்கு வந்தது. அதைத் தவிர அவருக்கு வேறு பெருமை கிடையாது. ஊர் வயல்வெளியான வட்டையில் கொஞ்ச நிலம் இருக்கிறது, ஆனால் வயல் இருக்கிறவனைப் பார்த்து யாரும் மரியாதைக்குத் தோளில் இருக்கும் சால்வையை இறக்குவதில்லை.

அடுத்த திருவிழா நெருங்கியபோது, வெடித்த குழலை ஒரு உரப்பைக்குள் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அத்தான் பட்டறைக்கு வந்தார். முதலாளி உடைந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"ஆரு வார்த்த?"

"தூரத்துல எங்கயோ. செஞ்சு அனுப்பினாங்க."

"வெள்ளையாப் போயிருக்கு, பாருங்க. மெல்லிசான இடம் சுறுக்கா ஆறியிருக்கு. இது குழல் இல்ல, வண்ணக்கர். பீங்கான் கோப்பை."

"பீங்கானிலயா எங்கட சாமி போன?"

"எங்க போன? சைக்கிள் கடை வரைக்கும்தானே."

அத்தான் சிரிக்கவில்லை. முதலாளி நாலு குழலையும் புதிதாக வார்த்துத் தருவதாகச் சொன்னார். "சிலிக்கன் போடுவம். மறுகா ஒரு சிட்டிகை செம்பும் போடுவம். கரி இதழுக்கு இடையில இருக்கிற இரும்பு நல்லா இறுகும். யானை ஏறினாலும் தாங்கும்."

இவ்வளவையும் கேட்ட அத்தான், ஊருக்குப் போகும்போது ஒரு சிட்டிகை செம்பு என்ற பேச்சை மட்டும்தான் காதில் கொண்டுபோனார்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் தாய்வழியில் ஒரு குடியைச் சேர்ந்தவர். கோயிலில் எது நடந்தாலும் எந்தக் குடிக்கு முதலில், எந்தக் குடிக்குப் பிறகு என்று ஒரு வரிசை உண்டு. கற்பூரத்தட்டிலிருந்து தேர்வடம் வரைக்கும் அந்த வரிசைதான். எங்கள் கோயிலில் ஐந்து குடி. ஆனால் இரும்புக்குள் செம்பு போடுவதற்கு அதுவரை வரிசை இருக்கவில்லை, ஏனென்றால் அதுவரை யாரும் போடவில்லை.

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. விளக்கம் சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு இரும்பில் கரி இருப்பதையும் செம்பின் வேலையையும் சொன்னேன்.

"ஆர்ர செம்பு போடப் போறீங்க?" என்று முதல் குடிப் பெரியவர் கேட்டார்.

"பட்டறையில கிடக்கிற வயர்த் துண்டு," என்று தூணுக்குச் சொன்னேன்.

"கோயில் தேருக்கு வயரா? செம்ப எங்கட குடி குடுக்கும்."

"செம்பு நீங்க குடுத்தா நாங்க என்னகா குடுக்கிற? கரியா?" என்றார் இரண்டாம் குடிப் பெரியவர்.

"கரி ஏற்கெனவே இருக்காம், தம்பி சொல்றான்," என்றார் இன்னொருவர்.

இரண்டாம் குடி வெள்ளி கொடுப்பதாகச் சொன்னது. மூன்றாம் குடிக்கு உடைந்த பித்தளை விளக்கின் கால் ஒன்று இருந்தது. அப்போது யாரோ பின்னால் இருந்து, "பொன் போட்டா என்ன?" என்றார். எல்லோரும் ஒருமுறை தங்கள் பெண்சாதிமாரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தங்கக் கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். நான்காம் குடிப் பெரியவர் வெகுநேரம் யோசித்து, தன் தாயின் எவர்சில்வர்க் கரண்டியைத் தருவதாகச் சொன்னார். ஒரு பொட்டுத் துருவோ கறளோ பிடிக்காத கரண்டி என்றார்.

ஐந்தாம் குடிக்காரர் வாவியில் மீன் பிடிக்கிறவர்கள். அவர்களின் பெரியவர் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒரு பிடி தருவதாகச் சொன்னார்.

பட்டறையில் முதலாளி ஈயம் உள்ள பழைய கார்ப் பற்றரித் துண்டு ஒன்றைக்கூட உலைக்குப் பக்கத்தில் விடமாட்டார். ஈயம் அணுவளவு கலந்தாலும் கரி இதழாக விரியாது, முள் முள்ளாகப் போய்விடும். இரும்பு அந்த முள்ளின் வழியே பிளக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இதைச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஈயம்..." என்றேன்.

"ஓம், ஈயம்தான்," என்று பெரியவர் சந்தோசமாகத் தலையாட்டினார். நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு சபை கலைந்துவிட்டது.

வார்க்கிற நாளில் ஐந்து குடிக்காரரும் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். மேளமும் வந்தது. முதலாளியிடம் நான் ஈயத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். அவர் முகம் கறுத்துப் போனாலும், "ஆக்கள் வரட்டும், பாத்துக்குவம்," என்றார். உலையைத் திறந்து வாளியில் இரும்பை எடுத்தோம்.

"சுறுக்காப் போடுங்க. இரும்பு காத்து நிக்காது," என்றார் முதலாளி.

முதல் குடிப் பெரியவர் செம்போடு முன்னுக்கு வந்தார். உடனே இரண்டாம் குடிப் பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

"கற்பூரத்துக்கு நீங்க முதல். சரி. இரும்புக்கு ஆர் முதல் எண்டு எங்க பேசின?"

"எல்லாத்துக்கும் நாங்கதான்கா முதல்."

"கொடியேத்தத்துக்கு நாங்க."

"இது கொடியா?"

மேளகாரர் எந்த இடத்தில் அடிப்பது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் அடித்தார்கள். வாளியில் இரும்பு வெள்ளை நிறத்திலிருந்து மஞ்சளுக்கு வந்தது, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு வந்தது. அத்தான் ஒவ்வொருவராகக் கும்பிட்டார். ஒருவழியாக முதல் குடிக்கே முதல் என்று ஒத்துக்கொண்டார்கள். பெரியவர் செம்பை வாளியில் போட்டார். அது டங் என்றது. இரும்பு இறுகிக் கட்டியாகி இருந்தது. செம்புத் துண்டு அதன் மேல், மேசையில் வைத்த வெற்றிலை போலக் கிடந்தது.

முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"எங்கட ஊருலயும் குடி இருக்கு," என்றார். "பள்ளிவாசல் கந்தூரிச் சோத்துக்கு முதல் சகன் தட்டு ஆருக்கு எண்டு சோறு ஆறுமட்டும் பேசுவம். ஆறின சோத்தத் தின்னலாம். ஆறின இரும்ப என்ன செய்யிற?"

அப்போது அவரே ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு குடியின் சாமானையும் போட்டு ஒவ்வொரு கம்பி வார்ப்போம். எந்தக் கம்பி கூடப் பாரம் தாங்குகிறதோ அந்தக் குடிக்கு முதலிடம். ஈயத்தின் குணத்தை எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. ஆனால் குடிக்காரர் அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த முறை இரண்டு பஸ் வந்தது.

கட்டைவிரல் பருமனில் கம்பிகள் வார்த்திருந்தோம். ஒன்றும் போடாத கம்பி ஒன்றும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இருந்தது. அதற்கு 'குடி இல்லாதவன்' என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டார்கள். கம்பியை இரண்டு கல்லில் படுக்க வைத்து, நடுவில் சங்கிலியால் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, பலகையில் மண்மூட்டை அடுக்குவது என் வேலை. அத்தனை கண்ணுக்கு முன்னால் நிமிராமலே மூட்டை தூக்கினேன்.

குடி இல்லாதவன் முதலில் ஏறினான். அவன் ஆறாவது மூட்டையில் முறிந்தபோது எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். பிறகு வெள்ளி வந்து அதே ஆறாவது மூட்டையில் முறிந்தது. வெள்ளி இரும்போடு சேராது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று முதலாளி சொன்னார்.

"அப்ப எங்கட வெள்ளிக்கும் குடி இல்லாதவனுக்கும் ஒண்டா?" என்று இரண்டாம் குடிப் பெரியவர் கேட்டார்.

"கெடுதல் செய்யல்லத்தானே. அதே பெரிய குணம்."

கரண்டிக் கம்பி விறைப்பாக நின்றது. மற்றக் கம்பிகள் முறிவதற்கு முன் கொஞ்சம் தாழும். இது மயிரளவும் தாழாமல் நின்று, ஏழாவது மூட்டையில் சொல்லாமல் கொள்ளாமல் வெடித்தது. முகம் வெள்ளை. "கரண்டி கூடிப் போச்சு," என்றார் முதலாளி. "நுனி போதும். கூடினா பீங்கான்." பித்தளைக் கம்பியை வார்த்தபோது வாளியிலிருந்து எழும்பிய வெள்ளைப் புகையைப் பார்த்துச் சிலர் கும்பிட்டிருந்தார்கள். புகையாகப் போனது போக மிச்சம் செம்பு அல்லவா, அதனால் அது ஏழாவது மூட்டையையும் தாங்கிவிட்டு முறிந்தது. செம்பு அதையும் தாண்டிப்போனது. முதல் குடிக்காரர் பெரியவரைத் தூக்கப் பார்த்தார்கள். அவர் பாரமாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

கடைசியாக ஈயம். நான் மூன்றாவது மூட்டையைப் பலகையில் முழுதாக வைக்கவும் இல்லை. மடக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஐந்தாம் குடிப் பெரியவர் முறிந்த இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூட்டைய ஓங்கிப் போட்டியாடா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் மிச்ச ஈயக்குண்டுகளைப் பட்டறை வாசலில் வைத்தார்.

"கோயிலுக்கெண்டு கொண்டு வந்தத வீட்ட திருப்பிக் கொண்டு போகமாட்டம். இது ஏறாத தேர எங்கட கையும் தொடாது."

ஐந்தாம் குடிக்காரர் எல்லோரும் பஸ் ஏறினார்கள். வடம் பிடிப்பதில் பாதிப்பேர் அவர்கள்தான். வலை இழுத்துப் பழகிய தோள்கள் அவை. அவர்கள் இல்லாமல் தேர் கொட்டகையை விட்டு அசையாது.

அத்தான் மண்குவியலில் உட்கார்ந்தார். "ஈயம் போட்டா சில்லு வெடிச்சு நிக்கும். போடாட்டி இழுக்க ஆளில்லாம நிக்கும். எப்படியும் நான் இறங்கத்தான் வேணும். இப்பவே இறங்கினா பஸ் காசாவது மிச்சம்."

நாலு குழலும் வார்த்தோம். முதலாளி தன் அளவில் சிலிக்கனைப் போட்டார். பந்தயத்தின் வரிசைப்படி செம்பும் பித்தளையும் கரண்டி நுனியும் வெள்ளியும் போயின. பந்தயத்துக்குப் பாதிக் காம்பும் தேருக்கு நுனியும் போன அந்தக் கரண்டியால்தான் இன்றைக்கும் அந்த வீட்டில் சொதி பரிமாறுகிறார்கள். குழலை முதலாளி சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம் வந்தது. ஈயக்குண்டுகளை ஒரு தகரப் பேணியில் போட்டு நான்தான் கோயிலுக்குத் தூக்கி வந்தேன். வாசலில் வைத்துவிட்டுப் போனதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

தேற்றாத்தீவிலிருந்து வந்த தச்சர் குழல்களைச் சில்லில் பொருத்தினார். பழைய ஓட்டை பெரிதாக இருந்தது. குழலுக்கும் மரத்துக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி. அவர் மரச்சீவலைத் திணித்துப் பார்த்தார், துணியைத் திணித்துப் பார்த்தார். குழல் ஆடியது. முதலாளி, அத்தான், குடிப் பெரியவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஐந்தாம் குடிப் பெரியவரும் வந்திருந்தார். ஆனால் தேரைப் பார்க்க வரவில்லை, அந்த வழியால் போனதாகத்தான் கணக்கு. மதிலோரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒன்று தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. விரலை நீட்டி அந்த இடைவெளியைக் காட்டினேன். பிறகு பேணியைக் காட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. கையை மடக்கினால் மறுபடி நீட்டத் தைரியம் வராது என்று தெரிந்ததால் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னகா, கையில முள்ளு ஏறிட்டா?" என்றார் தச்சர்.

முதலாளிதான் கண்டார். என் விரலையும் பேணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி சரியாத்தான் காட்டுறான். ஈயம் இரும்புக்குள்ள போனாத்தான் விசம். சுத்திவர ஊத்தினா மருந்து. மெத்தை மாதிரி. குழலும் ஆடாது, குலுக்கலும் தெரியாது."

அத்தான் மதிலோரம் நடந்துபோனார். "பெரியவர், ஈயம் உருக்கத் தெரிஞ்ச ஆள் ஒருவர் வேணும்."

பெரியவர் மதிலை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். "சிரட்டை இருக்கா?" என்று கேட்டார்.

தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் அவரே ஈயத்தை உருக்கி, அவரே ஊற்றினார். மரம் கொஞ்சம் புகைந்தது. அவர் தந்திருந்த ஒரு பிடி ஈயம் போதாமல் வீட்டுக்கு ஆள் அனுப்பி வலைகளிலிருந்து இன்னும் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். நாலு சில்லிலும் குழலைச் சுற்றி மோதிரம் போட்டது போல ஈயம் மினுங்கியது. அப்போதுதான் மற்ற நாலு பெரியவர்களுக்கும் ஒன்று உறைத்தது. அவர்கள் போட்டது ஒன்றும் வெளியே தெரியவில்லை. ஐந்தாம் குடி போட்டது மட்டும் வீதி முழுக்கத் தெரியும்.

தேரன்று ஐந்து குடியும் வடம் பிடித்தது. முதலாளி வீதியோரம் ஒரு கிறீஸ் பேணியோடு தேருக்குச் சமமாக நடந்து வந்தார். முதல் முடக்கு கிறுகியது. இரண்டாம் முடக்கில் சைக்கிள் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, கூரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தேர் மெல்லக் கிறுகும்போது அடியில் படார் என்று ஒரு சத்தம் கேட்டது. மேளம் நின்றது. அத்தான் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்து, தேருக்கு முன்னால் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வயிற்றோடு தேருக்கடியில் ஊர்ந்துபோய்ப் பார்த்தேன்.

யாரோ உடைத்த தேங்காயின் பாதி சில்லுக்குள் அகப்பட்டு நசுங்கியிருந்தது.

வெளியே வந்து அதைத் தூக்கிக் காட்டினேன். அன்றும் எனக்குப் பேச்சு வரவில்லை. தேவைப்படவும் இல்லை. தேர் மிச்ச வீதிகளையும் சுற்றிக் கொட்டகைக்குள் போய் நின்றது. அத்தான் இன்றும் வண்ணக்கர். அக்கா அவருக்கு அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே, "இனிக் கூட்டத்துல வாய்க்குள்ள வெத்திலையப் போட்டுட்டு இருங்க," என்றா.

ஆனால் அவருக்கு நிம்மதி இல்லை. மற்ற நாலு குடிக்காரரும் அடுத்த முறை தங்களுக்கும் ஈயம் ஊற்றும் உரிமை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சில்லு நாலு, குடி ஐந்து. ஐந்தாவது சில்லு ஒன்று வைக்க இடமிருக்கிறதா என்று அத்தான் தச்சரிடம் விசாரித்தார் என்று கேள்வி. குடி இல்லாதவனின் பாதியைப் பட்டறை வாசலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தேத்தண்ணி நேரத்துக்கு மணியாக அதைத்தான் தட்டுகிறோம்.

நேற்றுக் கடையில் அந்த ஆள் மறுபடியும் என்னிடம் பவுண் கணக்கை எடுத்தார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "தங்கம் இல்ல, ஈயம்," என்று வாய் திறந்து சொன்னேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "ஓம், ஓம். கேக்கிறவனுக்கு அப்படித்தான் சொல்ல வேணும்," என்று மெதுவாகச் சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். என் தேத்தண்ணிக்கும் அவரே காசு கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன்.

ஆவணி மாதம் இருபத்திரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.